கார்த்திகை மலையில் இறங்கும் நேரம்

மார்கழி விடியற்காலை வானம் எவ்வளவு அழகு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அழகாக இருந்திருக்கும், யார் இல்லையென்றது? ஆனால் நான் அழகு பார்ப்பதற்காக அண்ணாந்தவள் இல்லை. திருத்தணியில் மலைக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஓட்டு வீட்டில் கடிகாரம் கிடையாது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்: என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, நான். மூன்று பேருக்கும் சேர்த்து வானத்தைப் பார்த்து நேரம் சொல்கிற வேலை என் தலையில் விழுந்திருந்தது. அதை நான் ஒரு நாள்கூடத் தப்பாகச் செய்ததில்லை. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது யுத்த காலம். என் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் ஒரு பட்டறையில் டெம்பரரி ஆளாக இருந்தார். காலையில் சங்கு ஊதும்போது கேட்டுக்கு உள்ளே நிற்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகப் போயிருந்தார், இரண்டும் நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு. மூன்றாம் முறை தாமதமானால் அப்படியே திரும்பிப் போய்விடு, உன் இடத்துக்கு வெளியே பத்துப் பேர் நிற்கிறார்கள் என்று மேஸ்திரி சொல்லியிருந்தாராம். எங்களுக்கு நிலம் இல்லை. மாமனாரும் இல்லை. அந்த வேலை போனால் அடுப்பில் பூனைதான் தூங்கும். அது மூன்று பேருக்கும் தெரியும்.

அவர் ஐந்தரை வண்டியைப் பிடிக்க வேண்டும். அதில் ஒரு வம்பு இருந்தது. யுத்தத்துக்காக சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. ரயிலும் பட்டறையும் தாலுகா கச்சேரியும் புது மணி. மலைக்கோயிலும் ஊரும் மாடு கன்றும் பழைய மணி. புது மணி ஐந்தரை என்றால் எங்கள் கணக்குக்கு நாலரை, நல்ல கும்மிருட்டு. மலையில் மணி அடிக்கிறது என்று எழுந்தால் வண்டி அரக்கோணம் போய்ச் சேர்ந்திருக்கும். பக்கத்து வீட்டுச் சேவலை நம்பலாமென்றால், பனிக்காலத்தில் அது தன் இஷ்டத்துக்குக் கூவும்.

நான் திருவாலங்காட்டுப் பக்கத்து உழவு வீட்டில் பிறந்தவள். இருட்டிலேயே இறவைக்கு மாடு பூட்டுகிற வீட்டில் மீன் பார்த்து நேரம் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டாம். நட்சத்திரத்தை நாங்கள் மீன் என்றுதான் சொல்லுவோம். மார்கழி முதல் வாரத்தில், ஆறு மீனும் ஒட்டிக்கொண்டு நிற்கிற கார்த்திகை மேற்கே மலை உச்சி மரங்களுக்குள் இறங்க ஆரம்பித்தால் அவரை எழுப்ப வேண்டும். அதே நேரத்துக்குக் கிழக்கே தென்னந்தோப்புப் பக்கம் விடிவெள்ளி எட்டிப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகமே இல்லை. அவர் பல் துலக்கி, பழையது சாப்பிட்டு, தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்து போகச் சரியாக இருக்கும்.

"எழுந்திருங்க. கார்த்திகை எறங்குது" என்று தோளைப் பிடித்து உலுக்குவேன். வாயால் கூப்பிட்டால் எழுந்திருக்கிற ஆள் இல்லை அவர். இடி விழுந்தாலும் "உம்" என்று புரண்டு படுப்பார்.

மாதத்தில் மூன்று நாள் இந்த ஏற்பாடு நின்றுபோகும். நான் வீட்டுக்குத் தூரமாகிவிடுவேன். கொல்லையில் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதில் பாதி விறகு, மீதி நான். ஒரு பாய், ஒரு போர்வை, எனக்கென்று ஒரு தட்டு, ஒரு குவளை. யாரையும் தொடக் கூடாது, எதையும் தொடக் கூடாது. ஆம்பிளை வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில் என் குரல்கூடக் காதில் விழக் கூடாது என்பது அத்தையின் சட்டம். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். முன் மாதங்களில் அந்த மூன்று ராத்திரியும் அவர் ஸ்டேஷனிலேயே போய்ப் படுத்துக்கொண்டார். மார்கழி பிறந்ததும் பனியில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இனிமேல் பிள்ளையை ஸ்டேஷனில் படுக்க விடமாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, எதிர் வீட்டு ஜவுளிக்கடைக்காரரிடம் ஒரு டைம்பீஸை இரவல் வாங்கி வந்தது. சிவப்பாக, தலையில் இரண்டு மணி வைத்து, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நான் கொட்டகையில் உட்கார்ந்திருந்ததால் அதைக் கதவிடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். அவர் சாவி கொடுத்து, அது புது மணி என்று நினைத்து, அலாரத்தை நாலரையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். ராகுகாலம் எமகண்டம் பார்த்துக் கடை திறக்கிற அந்த ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் பழைய மணிதான் ஓடுகிறது என்பதைக் கேட்க இவருக்கும் தோன்றவில்லை, சொல்ல அவருக்கும் தோன்றவில்லை.

கொட்டகையில் எனக்கு வழக்கம்போல் விழிப்பு வந்தது. போர்வையோடு வெளியே வந்து பார்த்தேன். கார்த்திகை மரங்களைத் தொட்டுவிட்டது. தோப்புப் பக்கம் விடிவெள்ளி. வீட்டுக்குள் விளக்கு இல்லை, சத்தம் இல்லை. சரி, இப்போது அடிக்கும், இப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு மீனில் பாதி மரத்துக்குள் போய்விட்டது. பின்கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அத்த! அத்த!"

"மெதுவாப் பேசுடி. இன்னா இப்போ?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"நேரமாச்சு அத்த. கார்த்திகை எறங்கிடுச்சு. அவர எழுப்புங்க."

"மீனு பேச்ச வுடு. அதான் டைம்பீஸு கீதே. அது அடிச்சா எழுந்துப்பான்."

"மணி இன்னா காட்டுது பாருங்களேன்."

"முள்ளு பாக்க எனக்கு இன்னா தெரியும்? பேசாம படு. பொறப்படற நேரத்துல தூரக்காரி கொரல் எதுக்கு?"

யோசித்தேன், தயங்கினேன் என்றெல்லாம் எழுதினால் பொய். நான் யோசிக்கவே இல்லை. பின்கதவைத் தள்ளினேன், அடுப்பங்கரையைத் தாண்டினேன், படுத்திருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அத்தை "ஐயையோ" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சிம்னி விளக்கைத் தூண்டிவிட்டு டைம்பீஸைக் கையில் எடுத்தேன். நாலு மணி காட்டியது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

"இது பழைய மணிங்க! எழுந்திருங்க, வண்டி போயிடும்!"

அவர் டைம்பீஸை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். பல்லும் இல்லை, பழையதும் இல்லை. சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டே ஓடினார்.

"தொட்டுட்டாளே! நடு வூட்டுல வந்து தொட்டுட்டாளே!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆமா, தொட்டேன். தொடலன்னா வேல போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு நானாகவே கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தேன்.

விடிந்ததும் வீடு கழுவும் திருவிழா ஆரம்பமானது. மார்கழிக் குளிரில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்து அத்தை நடு வீட்டிலிருந்து அடுப்பங்கரை வரைக்கும் ஊற்றினாள். அவர் படுத்த பாய், தலையணை உறை, நான் தொட்ட விளக்கு எல்லாம் வெளியே வந்தன. கடைசியில் டைம்பீஸ். அதையும்தானே நான் தொட்டிருந்தேன்? இரண்டு சொட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தால் போதும். அத்தைக்கு மனசு ஆறவில்லை. கிணற்று மேடையில் வைத்து ஒரு சொம்பு நிறைய அதன் தலையில் கவிழ்த்தாள். அது நாலு தடவை டிக் டிக் என்றது, பிறகு நின்றுவிட்டது. அத்தை அதைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கினாள். உள்ளே தண்ணீர் ஆடுகிற சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்டது. நான் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். அன்று எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான். ஜவுளிக்கடைக்காரர் வீட்டம்மா வாசலில் வந்து நின்று கொடுத்த வரவேற்பில், இனி அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு ஊசிகூட இரவல் வராது என்று தெரிந்துபோயிற்று.

அவர் பொழுது சாய்ந்து வந்தார். தெருவிலிருந்தே, "வண்டி நவுந்துடுச்சும்மா, ஓடிப் புடிச்சேன். சங்கு ஊதறப்போ உள்ள இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது. என் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

"அங்கயே நில்லு நைனா. அவ தொட்டிருக்கா. கொல்லைக்குப் போயி தலையோட ஊத்திகினு வா" என்றாள் அத்தை. பிள்ளையை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு வார்த்தை பேசுவார் என்று காத்திருந்தேன். அம்மா, அவள் தொட்டதால்தானே வேலை மிஞ்சியது என்று ஒரே ஒரு வார்த்தை. அவர் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்தார். கொட்டகையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், பத்தடி தூரம். என் பக்கம் திரும்பாமல் வாளியை இறக்கி, இறைத்து, தலையில் ஊற்றிக்கொண்டார். நான் பிடித்து உலுக்கிய தோளைக் கையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். குளிரில் பல் கிட்டி இருமினார். பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. பற்றிக்கொண்டு வந்தது. அத்தை கத்தியது எனக்குப் பெரிதாகப் படவில்லை, அவள் காலம் அப்படி. இவர் ஏன் கழுவினார்?

நாலாம் நாள் தலைக்குக் குளித்து வீட்டுக்குள் போனதும் அதைத்தான் கேட்டேன்.

"ஒரு சொம்பு தண்ணிதான மே. அம்மா சொல்லுது. போனா போவட்டும்னு ஊத்திகினேன்" என்றார்.

போனால் போகட்டுமாம். எது போகட்டும்?

அத்தையையும் விடவில்லை. இரண்டு நாள் கழித்து, அவள் முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கும்போது எதிரில் உட்கார்ந்து கேட்டேன். "அத்த, அந்தக் கார்த்திகைப் பொண்ணுங்க ஆறு பேரும் மலை மேல கீற சாமிக்குப் பால் குடுத்தவங்க. பொம்பளைங்கதான? தூரமாவாமயா இருந்திருப்பாங்க? அவங்க மாசம் முப்பது நாளும் நேரா மலை மேலயே எறங்கறாங்க. நான் மட்டும் என் வூட்டு வாசப்படி தாண்டக் கூடாதா?"

"வாயப் பாரு! சாமிய இஸ்து பேசறா!" என்று அத்தை தன் கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கல் பொறுக்கிவிட்டு, என்னைப் பார்க்காமல், "எந்த மீனுடி அது? எங்க எறங்கினா எழுப்பணும்?" என்று கேட்டாள்.

அவள் எண்ணம் எனக்குப் புரிந்தது. அடுத்த மாதம் நான் கொட்டகையில் இருக்கும்போது, என் வேலையை அவளே பார்த்துக்கொள்ளப் போகிறாள். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னேன். மறுநாள் விடியற்காலையே கொல்லைக்கு அழைத்துப் போய்க் கார்த்திகையைக் காட்டினேன். மலை உச்சி மரங்களைக் காட்டினேன். அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ஆங், தெரியுது, தெரியுது" என்றாள். மாதம் போகப் போக மீன் முன்னாலேயே இறங்கும், தையில் இதே கார்த்திகை நடு ராத்திரி தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே மலைக்குள் போய்விடும் என்பதை நான் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சரி, பொய் எதற்கு, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

தை பிறந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மறுபடி கொட்டகைக்குப் போனேன். முதல் ராத்திரி அத்தை பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கார்த்திகை மலைக்குள் இறங்கியது. "எழுந்திரு நைனா, நேரமாச்சு, நேரமாச்சு" என்று ஒரே அமர்க்களம். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. புறப்படுகிற நேரத்தில் என் குரல் விழக் கூடாதல்லவா? அவர் அவசர அவசரமாகப் பழையதைக் குடித்துவிட்டுப் போனார். போய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்டேஷனில் அந்தப் பனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாராம். சாயந்திரம் வீடு திரும்பியபோது இருமல் தெருக்கோடியிலிருந்தே கேட்டது.

"உன் மீனு பொய் சொல்லுதும்மா" என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தார். அத்தை கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். நான் என் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியற்காலைதான் நான் சொல்ல வந்தது.

தையில் கார்த்திகையைப் பார்க்கக் கூடாது. வரிசையாக நிற்கிற மூன்று மீன் மலைக்குள் இறங்க வேண்டும், அதுதான் எழுப்புகிற நேரம். நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றும் இறங்கின. வீட்டில் அசைவில்லை. முந்தின நாள் மூக்கு உடைந்ததில் அத்தைக்கு நம்பிக்கை போய்விட்டது. எப்போது பார்ப்பது, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கண் அசந்துவிட்டாள் போலிருந்தது. அவருக்கோ முந்தின ராத்திரித் தூக்கமே இல்லை.

நான் கூப்பிடவில்லை.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லுங்கள். அந்த வேலை போனால் நானும்தான் பட்டினி. அது தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். போன மாதம் போல ஓடிப்போய் உலுக்கலாம். வேலை மிஞ்சும். சாயந்திரம் அவர் வந்து என் கண் முன்னால் நான் தொட்ட தோளைக் கழுவிவிட்டு உள்ளே போவார். அதற்கு நான் இனிமேல் ஆள் இல்லை. கிழக்கே தோப்பு மட்டைகளுக்கு நடுவில் விடிவெள்ளி வந்துவிட்டது. தையில் அது தாமதமாகத்தான் வரும். அது வந்துவிட்டால் நடந்து போக நேரமில்லை, ஓடினால்தான் உண்டு. அது தோப்பைத் தாண்டி மேலே ஏறியிருந்தால் நானே கத்தியிருப்பேனா, மாட்டேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

பின்கதவு திறந்தது. இருமல் அவரை எழுப்பிவிட்டிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார். அவருக்கு அதில் என்ன தெரியும்? இத்தனை மாதம் நான்தானே பார்த்துச் சொன்னேன். கொட்டகைக்கு நாலடி தள்ளி வந்து நின்றார்.

"ஏம்மே, முழிச்சிகினுதான கீறே?"

"ஆங்."

"நேரம் ஆயிடுச்சா?"

"எனக்குத் தெரியும்."

"சொல்லேன் மே."

"தொட்டுக் கேளுங்க. சொல்றேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். அத்தை சிம்னி விளக்கோடு பின்வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். "டேய், கிட்டப் போவாத! இன்னா கேக்கறா அவ?" என்றாள்.

"வெளையாடாத மே. இன்னிக்கு வுட்டா வேல போயிடும்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"போன மாசம் நான் தொட்டேன், வேல மிஞ்சுச்சு. நீங்க என்னக் கழுவிட்டு உள்ள போனீங்க. ஒரு சொம்பு தண்ணிதானன்னு சொன்னீங்க. இதுவும் ஒரு கைதாங்க. உங்கம்மா பாக்க தொடுங்க."

கையை நீட்டினேன். அவர் நின்றார். வேலை போய்விடும் என்கிற பயம் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று அவர் பார்வை இங்கும் அங்கும் போய்ப் போய் வந்தது. பிறகு நாலடியையும் இரண்டு எட்டில் தாண்டி வந்து, குனிந்து, என் மணிக்கட்டைப் பிடித்தார். பட்டும் படாமலும் இல்லை, இறுக்கித்தான் பிடித்தார். வாசற்படியில் அத்தை என்னவோ கத்தினாள். எனக்கு அது காதில் ஏறவில்லை.

"வெள்ளி வந்துடுச்சு. சட்ட போட நேரமில்ல, எடுத்துகினு ஓடுங்க" என்றேன். "ஓடுங்க!"

ஓடினார். அவர் போன கொஞ்ச நேரத்தில் வண்டி ஊதியது. அன்று முழுக்க அத்தை என் பக்கம் வரவில்லை, சோற்றை மட்டும் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். நான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. வண்டி கிடைத்ததா, சங்குக்கு முன்னால் போனாரா, யாரைக் கேட்பது?

பொழுது சாய்ந்ததும் அவர் வந்தார். கையில் தூக்குச் சட்டி இல்லை, காலையில் எடுக்க நேரமில்லை. வழக்கமாகத் தெருவாசல் வழியாக வருகிறவர் அன்று சந்து வழியாகக் கொல்லைக்கு வந்தார். என்னைப் பார்த்து, "உள்ள போயிட்டேன் மே, சங்கு அப்புறந்தான் ஊதிச்சு" என்றார். அத்தை பின்வாசற்படியில் சொம்பு நிறையத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள். வழியை அடைத்துக்கொண்டுதான் நின்றாள்.

"ஊத்திகினு வா நைனா."

"நகரும்மா, பசிக்குது" என்றார் அவர்.

அத்தை சொம்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நான் கொட்டகையில் எழுந்து நின்றுவிட்டேன். அவர் நகரவில்லை, குளிக்கவும் இல்லை, அந்தப் படிக்குக் கீழே அப்படியே நின்றார். கடைசியில் வழிவிட்டது அத்தைதான்.